வராதவர் பதிவேடு

பயிற்சி மூன்று நாள். தலைப்பு: "பூங்கா அனைவருக்கும்". நகரத்தின் இருபத்திரண்டு பூங்காக்களின் மேற்பார்வையாளர்களும் வந்திருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் ஆண்கள். ஆளுக்கொரு குறிப்பேடு, ஒரு பேனா, சுருட்டிய பதாகை ஒன்று கொடுத்தார்கள். பதாகையில் தலைப்பே பெரிய எழுத்தில் இருந்தது.

விசில்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாலை ஆறரைக்குப் பூங்காவை மூட அவர் ஊதும் விசிலைக் கேட்டு எதிர்ப்புற மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். பெயர் அப்படி வந்தது. முதல் வரிசைக்கும் காரணம் இருந்தது. மண்டல மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. ஆறு பூங்கா, ஓர் அறை, அறையில் மின்விசிறி. இருபத்தாறு வருடம் வெயிலில் நின்ற முழங்கால்களுக்கு அந்த நாற்காலியின் மேல் ஒரு கண். பயிற்சியில் யார் தேறுகிறாரோ அவருக்குத்தான் பதவி என்று இயக்குநர் அலுவலகத்தில் பேச்சு.

பக்கத்தில் ஏரிக்கரைப் பூங்காக்காரர். அவருக்கும் அதே பதவியில் ஆசை. ஆனால் தேநீர் வரும்வரை கண்ணைத் திறப்பதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார்.

பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். காலையில் அது நிறைந்திருந்தது. மாலையிலும் நிறைந்திருந்தது. நாள் முழுக்கப் பேசியும் ஒரு மடக்கு குடிக்கவில்லை. என்ன கட்டுப்பாடு என்று விசில்காரர் வியந்தார்.

"உங்க பூங்காவுக்கு யார் யார் வர்றாங்க?"

விசில்காரர் எழுந்தார். "ஒரு நாளைக்குச் சராசரியா அறுநூத்தி நாப்பது பேர் மேடம். ஞாயித்துக்கிழமை ஆயிரம் தாண்டும். கேட்ல பதிவேடு இருக்கு."

"நல்லது. யார் யார் வரலை?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"வராதவங்களை எப்படி மேடம் தெரியும்? அவங்கதான் வரலையே."

"அதைத்தான் கேக்கறேன்."

ஏரிக்கரைக்காரர் கண்ணைத் திறந்தார். "மேடம், எங்க கேட் தொறந்துதான் இருக்கு. யாரையும் வராதேன்னு சொல்றதில்லை. வரலைன்னா அது அவங்க இஷ்டம்." சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

இரண்டாம் நாள் எல்லோருக்கும் ஓர் அட்டை. அட்டையில் இருப்பவராகத் தன்னை நினைத்துக்கொண்டு, தன் பூங்காவுக்குள் போய்வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரைக்காரருக்கு 'எட்டு மாதக் கர்ப்பிணி' வந்தது. அரங்கம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

"நான் வீட்டுலயே இருந்துடுவேன் மேடம்" என்றார் அவர்.

பயிற்சியாளர் அதைச் சிரிக்காமல் பலகையில் எழுதிக்கொண்டார்.

விசில்காரருக்கு 'எழுபது வயதுப் பெண்மணி'. அவர் உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து, பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"பத்து நிமிஷம்."

"அப்புறம் ஏன் கெளம்பிட்டீங்க?"

"பூவைப் பார்த்தாச்சே மேடம்."

மூன்றாம் நாள் வீட்டுப்பாடம். அவரவர் பூங்காவுக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து இயக்குநரோடு வந்து பார்ப்பதாகப் பயிற்சியாளர் சொன்னார். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் என்றும் சொன்னார்.

வெள்ளைத்தாளை அலுவலகம் ஏற்காது. தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டை எடுத்தார், தேவையான இடங்களில் 'வராத' என்று சேர்த்தார், அச்சுக்கு அனுப்பினார். வரிசை எண். வராதவர் பெயர். வராத நேரம். வராத காரணம். வராதவர் கையொப்பம்.

திங்கட்கிழமை காலை விசில்காரர் கேட்டுக்கு வெளியே மேசை போட்டார். காவலாளி அதன் முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சார், சைக்கிள்ல ஒருத்தர் போறாரு. உள்ள வரலை. எழுதிக்கவா?"

"நிறுத்திக் கேட்டியா?"

"அவர் பாட்டுக்குப் போறாரு சார். சாயந்தரம் திரும்பி வேற வருவாரு. ரெண்டு தடவை வரலைன்னு போடணுமா, ஒரு தடவையா?"

"ஆளுக்கு ஒண்ணு."

"வராத நேரம்?"

விசில்காரர் கொஞ்சம் யோசித்தார். "போன நேரத்தைப் போடு."

வேலை சூடு பிடித்தது. பல வருடமாக அந்த வழியே போன ஒரு பெரியவர், உள்ளே இருப்பது பூங்கா என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். "ஏதோ அரசாங்க ஆபீஸ்னு நெனச்சேன் தம்பி. வாசல்ல பலகை வெச்சிருக்கீங்களே, எண்ணிப் பார்த்தேன், பதினாலு 'கூடாது'." சக்கர நாற்காலியில் வந்தவர், கேட்டில் ஒரு பாதிக்குச் சங்கிலி போட்டிருப்பதைக் காட்டினார். திறந்த பாதியில் நாற்காலி நுழையாது. விசில்காரர் அங்கேயே சங்கிலியைக் கழற்றினார். நாற்காலிக்காரர் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, வராதவர் கையொப்பம் போட்டுவிட்டுப் போனார்.

பயிற்சி இவ்வளவுதானா என்று விசில்காரருக்குத் தெம்பு வந்தது.

"பொம்பளைங்கதான் சார் காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார் காவலாளி. "சிரிச்சிட்டுப் போயிடறாங்க."

"நேரமின்மைன்னு போடு."

சனிக்கிழமைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வரவில்லை. அதில் நூற்று அறுபத்து மூன்று நேரமின்மை.

அன்று மாலை பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். கூட்டிப் பார்க்க வேண்டும். அவர் சாப்பிடும்போது மனைவி அதைப் புரட்டினாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மடிப்பைப் பிரித்துத் தையலைப் பார்ப்பாள்.

"நூத்தி அறுபத்தி மூணு பேருக்கு நேரமில்லையா? எல்லாரும் அவ்வளவு பெரிய உத்தியோகமா?"

"சொன்னதைத்தான் எழுதினோம்."

"இதெல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. சொன்னாங்களா, நீங்களே எழுதிக்கிட்டீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"என் பேரைக் காணோம்" என்றாள்.

"உன் பேரு எதுக்கு?"

"நானும்தான் வரலை."

அவர் சிரித்தார். "உனக்கு எங்க நேரம்?"

"தெனம் ஆறு மணிக்கு உங்க கேட்லதான் பஸ்ஸை விட்டு எறங்கறேன். ஆறு நாப்பதுக்கு அடுத்த பஸ். நாப்பது நிமிஷம் கம்பத்துல சாஞ்சு நிக்கறேன். நேரத்துக்கு என்ன கொறைச்சல்?"

அவள் இரண்டு பஸ் மாறுவது அவருக்குத் தெரியும். எங்கே மாறுகிறாள் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் அவர் பின்கேட்டில் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருப்பார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"உள்ள வந்து உக்கார வேண்டியதுதானே?"

"வந்தேனே, ஒரே தடவை. மூணு வருஷம் ஆச்சு. அவசரம்னு வந்தேன். அப்ப இருந்த காவலாளிகிட்ட கேட்டேன். பூட்டியிருக்கும்மா, சாவி சார்கிட்டன்னாரு. சார் எங்கேன்னேன்."

"நான் எங்க போயிருந்தேன்?"

"கேடயம் வாங்க."

இருவரும் பிரிட்ஜைப் பார்த்தார்கள். அதன் மேல் கேடயம் நின்றது. 'கழிப்பறைப் பராமரிப்பு: முதல் பரிசு.' வருடத்துக்கு ஒரு பூங்கா என்று கைமாற வேண்டிய கேடயம் மூன்று வருடமாக அங்கிருந்து நகரவில்லை. அலுவலகத்தில் வைத்தால் தூசி படியும் என்று வீட்டில் வைத்திருந்தார்.

"அன்னிக்கு வீடு வந்து சேர்றதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்லை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"கேடயத்தோட வந்து நின்னீங்க. பிரிட்ஜ் மேல எடம் பண்ணச் சொன்னீங்க. அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த அறையை இப்போது யாரும் கழிப்பறை என்று சொல்வதில்லை. மெஷின் ரூம் என்பார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் புல்வெட்டும் இயந்திரம் நனைந்து துருப்பிடித்தது. வைக்க வேறு இடமில்லை. ஆண்கள் கழிப்பறையில் கூட்டம். பெண்கள் பக்கம் காலியாக இருந்தது. தற்காலிகமாக என்றுதான் உள்ளே தள்ளினார். இயந்திரத்தைத் தொடர்ந்து உரமூட்டை போயிற்று, உடைந்த பெஞ்சு போயிற்று, பூட்டு வந்தது. தண்ணீர்க் குழாய் சும்மா கிடப்பானேன் என்று அதை நீரூற்றுக்குத் திருப்பினார். கதவில் மட்டும் பாவாடை போட்ட பொம்மைப் படம் அப்படியே இருந்தது.

கேடயக் குழுவில் மூன்று பேர். மூவரும் ஆண்கள். ஆண்கள் பக்கம் போய் மூக்கைப் பொத்தி மதிப்பெண் குறைத்தார்கள். பெண்கள் பக்கம் நுழைவது மரியாதையல்ல என்று வெளியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு வாடையும் இல்லை. முழு மதிப்பெண்.

மறுநாள் காலை விசில்காரர் பதிவேட்டைத் திறந்து நானூற்றுப் பதின்மூன்றாவது வரியில் 'மனைவி' என்று எழுதினார். காரணத்துக்கான கட்டத்தில் பேனா கொஞ்சநேரம் நின்றது. பிறகு 'நேரமின்மை' என்று எழுதியது.

துப்புரவு செய்யும் சின்னக்கா அந்தப் பக்கம் வந்தாள். ஒன்பது வருடமாக அங்கே வேலை.

"சின்னக்கா, நீ அவசரம்னா எங்க போவே?"

அவள் துடைப்பத்தை ஊன்றி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒம்போது வருஷம் ஆச்சு சார். இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"சொல்லேன்."

"முக்குல பெட்ரோல் போடுற எடம் இருக்குல்ல, அங்க. நல்ல மனுசங்க. நாலு மணிக்கு ஆள் மாறிட்டா விட மாட்டாங்க. நாலு மணிக்கு மேல கூட்டற நாங்க மூணு பேரும் எதையும் நெனக்கறதில்லை."

"ஆனா கதவுல தெனம் கையெழுத்துப் போடறியே. ஏழு மணி, பதினோரு மணி, மூணு மணி. சுத்தம் செய்யப்பட்டதுன்னு."

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க? கதவைத் தொடைச்சிட்டுத்தான் போடறேன். பொய்க் கையெழுத்து இல்லை."

குழாய்க்காரரை வரவழைத்தார். அவர் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நீரூற்றைப் பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார்.

"ஒரே லைன்தான் சார். நீங்கதான் அன்னிக்குத் திருப்பச் சொன்னீங்க. இதுக்கு விட்டா அதுக்கு வராது. அதுக்கு விட்டா இதுக்கு வராது. எது வேணும்?"

நீரூற்று கேட்டுக்கு நேர் எதிரே இருந்தது. இயக்குநர் அதன் முன் நின்று எடுத்த படம்தான் இந்த வருடத் துறைக் காலண்டரில். வெள்ளிக்கிழமை அவர் வருகிறார். மின்விசிறி உள்ள அறையும் அவரோடுதான் வருகிறது.

"வெள்ளிக்கிழமை கழியட்டும்" என்றார் விசில்காரர். வெளியே இழுத்திருந்த இயந்திரத்தை மறுபடி உள்ளே தள்ளினார்கள். பதாகையை எலி கடிக்காமல் இருக்க அதன் மேலேயே வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு இயக்குநர் வந்தார். கூடவே பயிற்சியாளர். அழைக்காமலே ஏரிக்கரைக்காரரும். நீரூற்று ஆளுயரத்துக்கு எழும்பியது. இயக்குநர் அதன் முன் நின்று அடுத்த காலண்டருக்குப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

"எண்ணூத்தி எழுபது பேர் வரலையா! பிரமாதம். இதுவரை பார்த்த நாலு பூங்காவுல எங்கேயும் இவ்வளவு பேர் வராம இருந்ததில்லை. உங்க ஏரிக்கரையில எத்தனை?"

"பன்னெண்டு சார்" என்றார் ஏரிக்கரைக்காரர். "எல்லாரும் வெளியூர்."

இயக்குநர் விசில்காரரின் தோளில் தட்டினார். அந்தத் தட்டில் நாற்காலியின் குஷன் தெரிந்தது.

அப்போதுதான் பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார். "இங்க கழிப்பறை எங்க இருக்கு?"

பதில் இயக்குநரிடமிருந்து வந்தது. "அதைத்தான் காட்டணும்னு இருந்தேன் மேடம். மூணு வருஷமா முதல் பரிசு. வாங்க, வாங்க."

எல்லோரும் ஊர்வலம்போல நடந்தார்கள். கதவு பளபளத்தது. மூன்று மணிக் கையெழுத்தின் மை இன்னும் புதிதாக இருந்தது. பூட்டு தொங்கியது.

"சாவி?" என்றார் இயக்குநர்.

"சார்கிட்ட" என்றார் காவலாளி, பழக்கத்தில். பிறகு விசில்காரரின் முகத்தைப் பார்த்தார். அருகே வந்து காதோடு சொன்னார்: "தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடவா சார்?"

நல்ல யோசனைதான். சாவி தொலையாத அலுவலகம் எங்கே இருக்கிறது? மேடத்தை ஐந்து நிமிடத்தில் வேறெங்காவது காரில் அனுப்பிவிடலாம். இயக்குநரே அனுப்புவார். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

பயிற்சியாளரின் தோள்பையில் தண்ணீர் பாட்டில் செருகியிருந்தது. காலையிலிருந்து நாலு பூங்கா. நல்ல வெயில். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

விசில்காரர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

கதவு திறந்தது. புல்வெட்டும் இயந்திரம். ஆறு உரமூட்டை. காலொடிந்த பெஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே, சுருள் அவிழ்ந்து பாதி விரிந்த பதாகை: 'பூங்கா அனை'.

ஏரிக்கரைக்காரர் ஒரு மரத்தின் உச்சியை ஆராய்ந்தார்.

சின்னக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "வாங்கம்மா. நாங்க போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அஞ்சு நிமிஷ நடைதான். நாலு மணிக்கு ஆள் மாறிடுவாங்க, கொஞ்சம் எட்டி நடங்க."

இரண்டு பெண்களும் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

"ஏன்யா" என்றார் இயக்குநர். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "இன்னிக்கு ஒரு நாள் தொறந்து வெச்சிருக்கக் கூடாதா?"

"தண்ணி வராது சார்."

"ஏன் வராது?"

விசில்காரர் நீரூற்றைக் காட்டினார். இயக்குநர் அதைப் பார்த்தார். அது முன்னைவிட உயரமாகவே எழும்பிக்கொண்டிருந்தது.

காத்திருந்த நேரத்தில் விசில்காரர் பதிவேட்டை விரித்தார். நானூற்றுப் பதின்மூன்றில் 'நேரமின்மை'யை அடித்தார். மேலே எழுதினார்: 'கழிப்பறை பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம்.'

பயிற்சியாளர் திரும்பி வந்து முதலில் பாட்டிலைத் திறந்தார். பாதியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பதிவேட்டை வாங்கிப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"இவங்க நிஜமாவே உங்க மனைவியா?"

"ஆமா மேடம்."

"மத்த நேரமின்மை எல்லாம்?"

"அவங்களை நாங்க சரியாக் கேக்கலை மேடம்."

அவர் தலையசைத்தார். அது பயிற்சியில் இல்லாத பகுதிபோல இருந்தது.

சான்றிதழ் தபாலில் வந்தது. மற்றவர்களுக்குத் 'தேறினார்'. இவருக்குப் 'பங்கேற்றார்'. மண்டலப் பதவி ஏரிக்கரைக்காரருக்குப் போயிற்று. பன்னிரண்டு பேர் மட்டுமே வராத பூங்கா என்று உத்தரவில் பாராட்டு வேறு.

குழாய்க்காரர் வந்து லைனைத் திருப்பினார். நீரூற்று ஒருமுறை கொப்புளித்து நின்றது. இயந்திரத்துக்கு இடம் வேண்டும். விசில்காரரின் அலுவலக அறைதான் இருந்தது. அவர் தன் நாற்காலியை எடுத்து மரத்தடியில் போட்டுக்கொண்டார். கிளைகள் ஆடும்போது காற்று வந்தது. ஆடாதபோது இல்லை.

முதல் நாள் பெண்கள் பக்கம் பதினொரு பேர். பத்தாம் நாள் எண்பது. மூன்றாம் நாளே தாழ்ப்பாள் உடைந்தது. ஐந்தாம் நாள் குழாய்ப்பிடியை யாரோ கொண்டுபோனார்கள். வாளி இருமுறை மாற்றியாயிற்று.

"முன்னெல்லாம் கதவைத் தொடைச்சாப் போதும்" என்று சின்னக்கா சத்தம் போட்டாள். "இப்ப பாருங்க, இடுப்பு ஒடியுது. மகாராணிங்க தண்ணி ஊத்தாம போறாங்க." ஆனால் நாலு மணிக்கு முன் அவள் முக்குக்கு ஓடுவதில்லை.

கேடயக் குழு வந்தது. வெளியே நின்று மூச்சை இழுத்தது. நூற்றுக்கு நாற்பது.

கேடயம் இந்த முறை ஏரிக்கரைக்கு. அதை வாங்கிப்போக ஏரிக்கரைக்காரரே வீட்டுக்கு வந்தார். மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்.

"தப்பா நெனக்காதீங்கண்ணே. அந்தப் பூட்டு சும்மாதானே கெடக்கு? நல்ல கனமான பூட்டு."

விசில்காரர் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். பிரிட்ஜ் மேல் காலியான இடத்தில் மனைவி தன் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். பூங்காவுக்கு வருவதாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாலையில், காவலாளி இரண்டு பதிவேடுகளோடு மரத்தடிக்கு வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். ஒரு அம்மா அஞ்சு நாளா வர்றாங்க. ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு எறங்கி நேரா கழிப்பறை. அப்புறம் அந்தக் காஞ்ச நீரூத்துப் பக்கத்துல உக்காந்துடறாங்க. பூவையும் பார்க்கறதில்லை, நடக்கறதும் இல்லை. பஸ்ஸுக்கு நிக்கறவங்கதான். வந்தவங்கன்னு எழுதறதா, வராதவங்கன்னு எழுதறதா?"

விசில்காரர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டி, பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவர் இருந்த திசைக்கே திரும்பவில்லை.

"நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார்.

ஆறரை ஆயிற்று. விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். பஸ் ஆறு நாற்பதுக்கு.

"சார், மணி ஆச்சு" என்றார் காவலாளி.

விசில்காரர் ஊதாமலே, பொறு என்று கையை ஆட்டினார். எதிர்ப்புறம் மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறையும் பூங்காவை ஒருமுறையும் பார்த்தார்.